ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கணிமைச் சிந்தனையை எதை வைத்து அளப்பது?

பலகைக்கட்டி:

ஏழாம் வகுப்புக்குக் கணினிப் பாடம் எடுக்கிறேன். ஒரு பருவம் முழுக்க ஸ்க்ராட்ச் (பிளாக் எனப்படும் கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் செய்கிற மொழி), நடுநடுவே கணினியைத் தொடாமல் தாளில் செய்கிற பயிற்சிகள். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. இப்போது மேலிடத்தில், இதனால் அவர்களின் கணிமைச் சிந்தனை (ஒரு சிக்கலைப் படிப்படியாகப் பிரித்து, கணினிக்குச் சொல்வதுபோல் யோசிக்கிற திறன்) எவ்வளவு வளர்ந்தது, பருவத் தொடக்கத்தில் ஒரு எண், முடிவில் ஒரு எண் கொடுங்கள் என்கிறார்கள்.

தேடிப் பார்த்ததில் மூன்று வழி கண்ணில் பட்டது. ஒன்று, பிள்ளைகளே தங்களுக்கு மதிப்புப் போட்டுக்கொள்கிற கேள்வித்தாள், கோர்க்மாஸ் குழு 2017இல் வெளியிட்ட 29 கேள்வி அளவுகோல் மாதிரி. இரண்டு, டாக்டர் ஸ்க்ராட்ச், ப்ராஜெக்டை ஏற்றினால் அதுவே மதிப்பெண் போட்டுவிடும். மூன்று, நான்கு விடைகளில் சரியானதைக் குறிக்கிற டெஸ்ட். மூன்றையும் சில பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன், மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. டாக்டர் ஸ்க்ராட்சில் கொடிகட்டிப் பறக்கிற ஒரு பையனிடம் இந்த லூப் (கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறான். இன்னொரு பெண் ஒரு ப்ராஜெக்டையும் முழுசாக முடித்ததில்லை, ஆனால் பக்கத்தில் யாருக்கு எது ஓடவில்லை என்றாலும் எட்டிப் பார்த்துக் காரணம் சொல்லிவிடுகிறாள். இந்த இரண்டு பேரில் யாருக்கு அதிக எண்?

வகுப்பில் 40 பேர். அளப்பதற்கென்று ஒவ்வொரு முறையும் இரண்டு பீரியடுக்கு மேல் கிடைக்காது, காசு செலவழிக்கவும் வழியில்லை. உருப்படியாக எதைச் செய்யலாம்?

நள்ளிரவு நிரலி:

பெப்ராஸ் கேள்விகளைக் கொடுங்கள், வேலை முடிந்தது. 2004இல் லித்துவேனியாவில் வாலென்டினா டாகியேனே தொடங்கிய போட்டி, இன்றைக்கு எத்தனையோ நாடுகளில் நடக்கிறது, கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஒரு கேள்விக்குச் சில நிமிடம்தான் பிடிக்கும். பழைய கேள்விகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும்.

திட்ட விலக்கம்:

நான் தேர்வு வடிவமைப்பில் வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே பொருளை அளக்கிற மூன்று கருவிகள் இல்லை, அதனால்தான் ஒத்துப்போகவில்லை.

முதலில் அந்தக் கேள்வித்தாள். "சிக்கலான கணக்குகளைத் தீர்க்க எனக்குப் பிடிக்கும்" என்பது போன்ற வாக்கியத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை குறிப்பது. அது அளப்பது தன்னம்பிக்கையை. தன்னம்பிக்கை தேவையில்லாத விஷயம் என்று சொல்லவில்லை, ஆனால் அதைத் திறன் என்று மேலே எழுதி அனுப்பாதீர்கள். இன்னொரு வில்லங்கமும் உண்டு: பருவத் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாதபோது தனக்கு எல்லாம் வரும் என்று ஐந்து போட்ட பிள்ளை, முடிவில் விஷயம் எவ்வளவு ஆழம் என்று புரிந்ததால் மூன்று போடும். நிஜத்தில் வளர்ந்த பிள்ளை தாளில் தேய்ந்து நிற்கும்.

டாக்டர் ஸ்க்ராட்ச். மொரேனோ-லியோன், ரொப்லெஸ் குழு உருவாக்கியது. அதன் அடிப்படை மதிப்பீட்டில் ஏழு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21. எப்படி மதிப்பெண் போடுகிறது என்று உள்ளே போய்ப் பாருங்கள், உங்கள் பையன் ஏன் கொடிகட்டிப் பறக்கிறான் என்று தெரியும். அது பார்ப்பது எந்த பிளாக் இருக்கிறது, எது இல்லை என்பதை மட்டும். ஓட்டக் கட்டுப்பாட்டில், எத்தனை முறை என்று சொல்லி வைக்கிற ரிபீட் லூப்புக்கு 2, ஒரு நிபந்தனை வரும்வரை சுற்றுகிற ரிபீட் அன்டில் லூப்புக்கு 3. ஒரு சதுரம் வரைய ரிபீட் 4 என்பதுதான் சரியான தேர்வு, ஆனால் அதைச் செய்த பிள்ளைக்கு 2, தேவையே இல்லாத இடத்தில் ரிபீட் அன்டிலைச் செருகிய பிள்ளைக்கு 3. பச்சைக்கொடியை அழுத்தியதும் தொடங்குகிற ஸ்க்ரிப்ட் இரண்டு இருந்தால் இணையாக ஓட்டத் தெரியும் என்று ஒரு புள்ளி. ஒரு லிஸ்ட் சேர்த்தால் தரவுப் பிரிவில் முழுப் புள்ளி. அப்புறம் ஸ்க்ராட்சில் ரீமிக்ஸ் என்பது ஒரே அழுத்தம், யாரோ செய்ததை எடுத்துப் படத்தை மட்டும் மாற்றிய ஈயடிச்சான் காப்பிக்கும் நல்ல மதிப்பெண் வரும். ஓடுகிறதா, சொன்னதைச் செய்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பிள்ளை தன் ப்ராஜெக்டைத் தானே பார்த்து அடுத்து எதைக் கற்கலாம் என்று யோசிப்பதற்கு நல்ல கருவி. வளர்ச்சிக்குச் சான்றாக வைப்பதற்கு ஆகாது.

மூன்றாவது டெஸ்ட், ஸ்பெயினில் ரோமன்-கொன்சாலஸ் உருவாக்கியதாக இருக்கும் என்று நினைக்கிறேன், கணிமைச் சிந்தனைத் தேர்வு என்றே பெயர். 28 கேள்விகள், 45 நிமிடம், அடிப்படைத் திசைகளில் தொடங்கி இரண்டு விதமான லூப், இஃப், இஃப் எல்ஸ், வைல், எளிய ஃபங்ஷன் என்று ஏழு வகை, வகைக்கு நான்கு கேள்வி. உங்கள் வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்தே செய்யப்பட்டது, முறையாகச் சோதிக்கவும் பட்டிருக்கிறது. ஆனால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்.

நான்கு விடை இருப்பதால் குருட்டாம்போக்கில் குறித்தாலே சராசரியாக 7 வரும். ஆகவே 8 வாங்கிய பிள்ளைக்கு ஏதோ கொஞ்சம் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வேரியபிள், அதாவது மாறுகிற மதிப்பைச் சேமித்து வைப்பது, அதில் இல்லை. நீங்கள் பருவத்தில் பாதியை ஸ்கோர், டைமர், உயிர்கள் என்று வேரியபிளில் செலவழித்திருந்தால் அந்த உழைப்பு இந்த எண்ணில் வராது.

மூன்றாவதுதான் முக்கியம். அதன் நம்பகத்தன்மைக் குறியீடு (மதிப்பெண் எவ்வளவு நிலையானது என்று காட்டுவது, 1 என்றால் ஆட்டமே இல்லை) சுமார் 0.79. கேட்க நன்றாக இருக்கிறது. உங்கள் வகுப்பின் மதிப்பெண்களில் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி அவை பரவியிருக்கிற அளவு, 5 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரே பிள்ளையின் மதிப்பெண் எந்தக் காரணமும் இல்லாமல் இரண்டேகால் புள்ளி அளவுக்கு அப்படியும் இப்படியும் ஆடும். முன்னும் பின்னும் இரண்டு முறை எடுத்துக் கழித்தால் அந்த ஆட்டம் மூன்று புள்ளிக்கு மேல் போகும். அப்படியானால் 14இலிருந்து 16க்குப் போன பிள்ளை வளர்ந்ததா? சொல்ல முடியாது. 15இலிருந்து 13க்கு இறங்கிய பிள்ளை சரிந்ததா? அதையும் சொல்ல முடியாது. 40 பேரின் சராசரியில் இந்த ஆட்டம் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் வகுப்பைப் பற்றிப் பேசலாம். தனித்தனிப் பிள்ளையின் பெயருக்கு எதிரே முன், பின் என்று இரண்டு எண்ணை எழுதிப் பெற்றோரிடம் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

நள்ளிரவு நிரலி சொன்ன பெப்ராஸ் எனக்கும் பிடிக்கும், ஆனால் கேள்விகள் கதை வடிவில் வருகின்றன. வாசிப்பு மெதுவாக இருக்கிற பிள்ளை கணக்கில் தோற்பதற்கு முன்னால் பத்தியிலேயே தோற்றுவிடும். அதோடு அது போட்டிக்காகச் செய்யப்பட்டது, ஒரு வருடத்துக் கேள்விகளும் அடுத்த வருடத்துக் கேள்விகளும் ஒரே கடினம் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. முன்னால் ஒரு தொகுப்பு, பின்னால் வேறொரு தொகுப்பு என்று கொடுத்துக் கழித்தால் நீங்கள் அளந்தது கேள்விகளின் வித்தியாசமாகக்கூட இருக்கலாம்.

சந்தேகப் பிராணி:

எல்லாம் சரி, இப்படி ஒரு தனித் திறன் இருக்கிறதா என்பதையே யாரும் கேட்க மாட்டேன் என்கிறீர்களே. 2006இல் ஜெனட் விங் எழுதிய இரண்டு மூன்று பக்கக் கட்டுரைக்குப் பிறகு ஆளுக்கொரு வரையறை வைத்திருக்கிறார்கள். கோர்க்மாஸ் அளவுகோலில் கூடி வேலை செய்வதும் படைப்பாற்றலும் கணிமைச் சிந்தனை. ஸ்பெயின் டெஸ்டில் அந்த இரண்டும் கிடையாது. மேலே சொன்ன அதே ரோமன்-கொன்சாலஸ் ஆய்வில் அந்த டெஸ்டுக்கும் பொதுவான சிக்கல் தீர்க்கும் திறன் டெஸ்டுக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பது, 1 என்றால் முழுதாக) 0.67, இடம் சார்ந்த திறனோடு 0.44. அதாவது முன்பே புத்திசாலி என்று தெரிந்த பிள்ளைகளைப் புதுப் பெயரில் இன்னொரு முறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இது புதிதும் இல்லை. பிள்ளைகளுக்கான லோகோ என்ற நிரல் மொழி பள்ளிகளுக்கு வந்தபோதும் அதைக் கற்றால் யோசனையே மாறிவிடும் என்றார்கள். பீ, கர்லண்ட் இருவரும் 1984இல் அதைச் சோதித்தார்கள், வேலைகளைத் திட்டமிடுகிற ஒரு பயிற்சியில் லோகோ கற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட மேலாகச் செய்யவில்லை.

திட்ட விலக்கம்:

0.67ஐ வைத்து இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது. வர்க்கப்படுத்தினால் 0.45 வரும், மதிப்பெண் வேறுபாட்டில் இரண்டுக்கும் பொதுவான பங்கு அவ்வளவுதான், பாதிக்கு மேல் வேறு ஏதோவொன்று மிச்சம் இருக்கிறது. லோகோ ஆய்வோடு நிறுத்தாமல் பிறகு வந்ததையும் சொல்லுங்கள். ஷெரர் குழு 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நிரலாக்கம் கற்றதன் பயன் மற்றத் திறன்களிலும் தெரிந்தது, நெருங்கிய திறன்களில் அதிகமாக, தள்ளி இருப்பவற்றில் குறைவாக.

ஆனால் இடம் சார்ந்த திறன் பற்றிச் சொன்னீர்களே, அது நல்ல புள்ளி. அந்த டெஸ்டில் பாத்திரம் கீழ்நோக்கி நிற்கும்போது "வலப்பக்கம் திரும்பு" என்றால் நம் கண்ணுக்கு அது இடப்பக்கம் போகும். லூப் நன்றாகப் புரிந்தும் இந்தத் திருப்பத்தில் கோட்டைவிடுகிற பிள்ளைகள் உண்டு. பலகைக்கட்டி, தவறிய விடைகளில் எத்தனை திருப்பத்தால் வந்தவை என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

சந்தேகப் பிராணி:

பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அப்புறம் ஒப்பிட ஒரு குழு இல்லாமல் முன், பின் என்று எடுத்தால் அதற்குப் பொருளே இல்லை. ஒரு பருவத்தில் பிள்ளைகள் எப்படியும் வளர்வார்கள், கணக்குப் பாடமும் நடக்கிறது, அதே டெஸ்டை இரண்டாம் முறை எழுதுவதாலேயே கொஞ்சம் ஏறும்.

மிச்சக் கோடு:

நானும் பள்ளியில்தான் எடுக்கிறேன், ஆறிலிருந்து எட்டு வரை. டீச்சர், உங்கள் கேள்வியில் அந்தப் பெண் இருக்கிறாளே, அவளைத் தவறவிடாத மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு அதிலிருந்து தொடங்குங்கள் என்பது என் கட்சி.

பிரென்னன், ரெஸ்னிக் இருவரும் 2012இல் இதைப் பற்றி எழுதியதில் மூன்று வழிகளை எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளையின் ப்ராஜெக்ட்களை ஆராய்வது, பிள்ளையோடு அதன் ப்ராஜெக்டைப் பற்றிப் பேசுவது, வேறு யாரோ செய்ததாக ஒரு ப்ராஜெக்டைக் கொடுத்து இது என்ன செய்கிறது என்று விளக்கு, இதை எப்படி நீட்டிக்கலாம் சொல், இதில் உள்ள பிழையைத் திருத்து, புதிதாக ஒன்று சேர் என்று கேட்பது. முதல் வழியின் வண்டவாளம் மேலே வந்துவிட்டது. இப்போது ஏஐயிடம் கேட்டாலே நிரல் வந்து விழுகிறது, முடிந்த ப்ராஜெக்டை வைத்து யார் யோசித்தது என்று கண்டுபிடிப்பது இனி இன்னும் கஷ்டம். இரண்டாவது நன்றாக இருக்கும், ஆனால் 40 பேரோடு தனித்தனியாகப் பேச நமக்கு நேரம் ஏது. மூன்றாவதைத்தான் நான் தாளுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

மூன்று சின்ன நிரல்கள். மூன்றிலும் ஒரு பூனை ஆப்பிளைத் தொட்டால் ஸ்கோர் ஒன்று கூட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு.

முதல் நிரலில் பச்சைக்கொடிக்குக் கீழே "ஆப்பிளைத் தொட்டால் ஸ்கோரை 1 கூட்டு" என்று இஃப் மட்டும் இருக்கும், அதைச் சுற்றி லூப் இருக்காது. ஆட்டம் தொடங்கிய கணத்தில் ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு நிரல் முடிந்துபோகும், பிறகு எத்தனை முறை தொட்டாலும் ஸ்கோர் அசையாது. இரண்டாவதில் நிற்காமல் சுற்றுகிற ஃபாரெவர் லூப் இருக்கும், ஆனால் தொட்டதும் ஆப்பிள் வேறு இடத்துக்குப் போகாது. தொட்டுக்கொண்டே இருக்கிற நேரமெல்லாம் லூப் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஸ்கோர் கிடுகிடுவென்று ஏறும். மூன்றாவதில் இது இரண்டும் சரியாக இருக்கும், தொடக்கத்தில் ஸ்கோரைப் பூஜ்யமாக்குகிற வரி மட்டும் இருக்காது. முதல் ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது, இரண்டாம் முறை கொடியை அழுத்தினால் பழைய ஸ்கோரிலிருந்து தொடங்கும்.

நிரலைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள், கணினி வேண்டாம். கேள்வி நான்குதான்: ஓட்டினால் திரையில் என்ன நடக்கும்? விளையாடுகிறவர் என்ன எதிர்பார்த்திருப்பார்? எந்த வரியால் இப்படி ஆகிறது, ஏன்? என்ன மாற்றுவாய்?

மதிப்பெண்: என்ன நடக்கும் என்பதையே தவறாகச் சொன்னால் 0. என்ன நடக்கும் என்று சரியாகச் சொல்லி இடத்தைக் காட்டத் தெரியவில்லை என்றால் 1. இடத்தைக் காட்டித் திருத்தமும் சொல்லி, காரணம் இல்லாவிட்டால் 2. காரணத்தோடு சொன்னால் 3. "லூப் போட வேண்டும்" என்று மட்டும் எழுதியது 2. "இஃப் ஒருதரம்தான் பார்க்கும், அப்போது பூனை தூரத்தில் இருந்தது" என்று எழுதியது 3. பிள்ளைகளின் மொழி கொச்சையாக இருந்தால் இருக்கட்டும், எழுத்துப்பிழைக்கு வெட்டாதீர்கள். எழுதவே தடுமாறுகிற பிள்ளைகள் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு லாபம் என்னவென்றால், எண் வருவதற்கு முன்னாலேயே பாடம் நடத்த வேண்டிய இடம் தெரிந்துவிடும். என் வகுப்புகளில் முதல் நிரலில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள், இஃப் என்றால் கணினி எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கும் என்று நினைக்கிறார்கள். மனிதரிடம் "அவர் வந்தால் சொல்லு" என்றால் அவர் வரும்வரை காத்திருப்பார், அந்தப் பழக்கத்தில் வருவது. நான்கு விடைக் கேள்வியில் 0 என்று விழுவதற்கும் இதைத் தெரிந்துகொள்வதற்கும் ஏக வித்தியாசம்.

நள்ளிரவு நிரலி:

மூன்றாவது நிரல் அருமை. வேலை செய்கிற இடத்தில் பெரியவர்களே அந்தப் பிழையைத் தினமும் செய்கிறார்கள் 😄

பலகைக்கட்டி:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக மிச்சக் கோடு. இரண்டு சந்தேகம். ஸ்க்ராட்சே தெரியாத பருவத் தொடக்கத்தில் இந்தப் பிழை நிரல்களை எப்படிக் கொடுப்பது, எல்லோருக்கும் பூஜ்யம்தானே வரும்? அப்புறம் 3 போடுவதா 2 போடுவதா என்பது என் கையில் இருக்கிறது, என் பாடம் வெற்றி என்று காட்ட நான் தாராளமாகப் போட்டேன் என்று யாராவது சொன்னால்?

மிச்சக் கோடு:

முதல் கேள்விக்கு, தொடக்கத்தில் பிளாக் வேண்டாம், சாதாரண வாக்கியத்தில் கட்டளைகளாகக் கொடுங்கள். ஒரு ரோபோவுக்கு யாரோ எழுதிய ஐந்தாறு கட்டளைகள், ரோபோ சொன்னதை அப்படியே செய்யும், சொல்லாததைச் செய்யாது என்று மேலே ஒரு வரி. வாளி நிறைந்துவிட்டதா என்று ஒருமுறை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது முதல் நிரலின் அதே பிழைதான். முடிவிலும் இதே வாக்கிய வடிவத்தைக் கொடுங்கள், ஒப்பிடுவது அதோடு மட்டும். பிளாக்கில் உள்ளதை முடிவில் மட்டும் தனியாகக் கொடுத்து, பாடத்தைக் கற்றார்களா என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திட்ட விலக்கம்:

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். முன், பின் தாள்கள் இரண்டையும் பருவ முடிவு வரை திருத்தாமல் வையுங்கள். பெயரையும் தேதியையும் மறைத்து, ஒரு குறியீட்டு எண் மட்டும் போட்டு, எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திருத்துங்கள், எது முன், எது பின் என்று உங்களுக்கே தெரியக் கூடாது. அதில் நாலில் ஒரு பங்குத் தாளை வேறொரு ஆசிரியர் தனியாகத் திருத்தட்டும். இருவரும் ஒத்துப்போனது எத்தனை சதவீதம் என்று மட்டும் போடாமல் கோஹன் கப்பாவும் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுச் சொல்கிற எண்) போடுங்கள், ஏனென்றால் பாதிப் பேருக்கு மேல் 0 வாங்கும் கேள்வியில் சும்மா போட்டாலே ஒத்துப்போகும். 2க்கும் 3க்கும் நடுவில்தான் சண்டை வரும், அந்தத் தாள்களை இருவரும் சேர்ந்து பேசி விதியை இறுக்கிக்கொண்டு, எல்லாத் தாளையும் அந்த விதிப்படி மறுபடி பாருங்கள்.

சந்தேகப் பிராணி கேட்ட ஒப்பீட்டுக் குழுவுக்கு ஒரு வழி. உங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இன்னொரு பிரிவு இருந்து, அவர்களுக்கு இந்தப் பாடம் அடுத்த பருவத்தில் என்றால், அவர்களுக்கும் இதே இரண்டு நேரத்தில் இதே தாளைக் கொடுங்கள். யாருக்கும் பாடம் மறுக்கப்படவில்லை, தள்ளி வருகிறது, அவ்வளவே. அவர்கள் எவ்வளவு ஏறினார்களோ அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பற்றிப் பேசுங்கள்.

சந்தேகப் பிராணி:

இப்படிச் செய்தால் எனக்கும் ஒப்புதல். அந்த மிச்சத்துக்குக் கணிமைச் சிந்தனை என்று பெயர் வைக்காமல் "பிறர் எழுதிய கட்டளைகளைப் படித்துப் பிழை கண்டுபிடிப்பது" என்று நேராக எழுதினால் இன்னும் நல்லது.

பலகைக்கட்டி:

பக்கத்துப் பிரிவு இருக்கிறது, அவர்களுக்கு அடுத்த பருவம்தான், கேட்டுப் பார்க்கிறேன். ஒரு பீரியட் வாக்கியத் தாளுக்கு, இன்னொன்று அந்த 28 கேள்விக்கு என்று வைத்துக்கொள்கிறேன், தன்மதிப்பீட்டுக் கேள்வித்தாளை விட்டுவிடப் போகிறேன். திருப்பக் கேள்விகளைப் பிரித்தும் பார்க்கிறேன். இரண்டு எண்ணையும் கூட்டி ஒன்றாகக் கொடுக்கச் சொன்னால் என்ன செய்வது?

திட்ட விலக்கம்:

கூட்டாதீர்கள். ஒன்று 28க்கு, இன்னொன்று உங்கள் தாளின் மொத்தத்துக்கு, கூட்டினால் எதற்கு அதிக எடை என்று நீங்கள் அறியாமலேயே முடிவு செய்ததாகிவிடும். இரண்டு வரியாக எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரு பிரிவுகளின் முன் சராசரி, பின் சராசரி, பரவல். கீழே 0 வாங்கிய விடை ஒன்று, 3 வாங்கிய விடை ஒன்று, பெயர் இல்லாமல் அப்படியே ஒட்டிவிடுங்கள், படிக்கிறவர்கள் எண்ணைவிட அதைத்தான் பார்ப்பார்கள். முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒரு நாள் வராத பிள்ளைகளின் தாளை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டுச் சராசரி போடுங்கள், எத்தனை பேரை எடுத்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.